மலிவு டின் பழமும் வழக்கமான டின் பழமும்: கூடுதல் விலை எதற்குப் போகிறது?

ஒரே சூப்பர்மார்க்கெட் தன் சொந்தப் பெயரில் இரண்டு வகை டின் பழம் விற்கிறது. ஒன்று அடிமட்ட விலை வகை, இன்னொன்று வழக்கமான வகை. விலையில் பெரிய இடைவெளி. உள்ளே இருக்கும் பழத்திலும் அத்தனை வேறுபாடு உண்டா, மலிவானதை எடுத்தால் எதை இழக்கிறோம் என்பது உங்கள் கேள்வி. பழம் பதப்படுத்தும் ஆலைகளில் தரச் சோதனைப் பிரிவில் வேலை பார்த்தவன் என்ற முறையில் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒற்றை வரியில் சொன்னால் இந்த விஷயத்தில் தவறான முடிவுக்குத்தான் போவோம்.

மலிவு டின்னில் பாதுகாப்பு குறைவதில்லை. சத்திலும் சொல்லும்படியான குறை இல்லை. குறைவது துண்டுகளின் முழுமை, ஒரே மாதிரியான அளவு, நிறம், பழத்தின் இறுக்கம், பல நேரங்களில் பழத்தின் எடை. இந்தக் குறைகள் அன்னாசியில் நாக்குக்குத் தெரிவதே அபூர்வம். பேரிக்காயில் முதல் வாயிலேயே தெரிந்துவிடும். ஆகவே எந்தப் பழம், எதற்காக வாங்குகிறீர்கள் என்று பார்க்காமல் "மலிவே போதும்" என்றோ "நல்லதையே வாங்குங்கள்" என்றோ சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முதலில் இந்த இரண்டு வகையும் எங்கே பிரிகின்றன என்று பார்க்கலாம். தோட்டத்திலிருந்து வரும் பழம் மலிவு பழம், உயர்ந்த பழம் என்று பெரும்பாலும் பிரிந்து வருவதில்லை. ஒரே அறுவடை, ஒரே வரிசையில் கழுவப்படுகிறது. பீச் என்றால் இரண்டாக வெட்டிக் கொட்டையை எடுத்து, சூடான காரக் கரைசலில் (மிளகாய்க் காரம் அல்ல, ஆல்கலி) காட்டித் தோலை உரிக்கிறார்கள். அதன் பிறகுதான் தரம் பிரிப்பு. விளிம்பு சிதையாத, ஒரே அளவான, பொன்னிறமான பாதிப் பழங்கள் ஒரு பக்கம் போகும். கொஞ்சம் கிழிந்ததும் ஓரம் நசுங்கியதும் துண்டாக நறுக்கப்படும். இன்னும் புள்ளியும் காயமும் உள்ளவற்றில் கெட்ட பகுதியை வெட்டிவிட்டுச் சின்னச் சதுரங்களாக்குவார்கள். நறுக்க நறுக்கப் பழத்தின் பழைய குறை கண்ணில் படாமல் போய்விடும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முழுப் பாதிகளை மலிவு வகையில் காண்பது ஏன் அரிது, சிறு துண்டுகள் ஏன் நிறைய என்பதற்கு அதுதான் காரணம்.

அமெரிக்க வேளாண் துறை டின் பழங்களுக்கு ஏ, பி, சி என்று தரங்கள் வைத்திருக்கிறது. அந்தத் தரம் போடச் சொல்லிக் கட்டாயம் இல்லை, விரும்புகிற ஆலைகள் சோதிக்கச் சொல்லிப் பெறலாம். எதற்கெல்லாம் மதிப்பெண் என்று பார்த்தால் விஷயம் விளங்கும்: நிறம், அளவின் சீர்மை, குறைகள் இல்லாமை, சதையின் பதம். வைட்டமினுக்கு மதிப்பெண் கிடையாது. சுவையும் மணமும் அந்தத் தரத்துக்கு ஏற்றபடி சரியாக இருக்கவேண்டும் என்று எதிர்பார்க்கிறார்களே தவிர, ஏ தரத்துக்கும் சி தரத்துக்கும் உள்ள தூரத்தின் பெரும்பகுதி கண்ணுக்கும் பல்லுக்கும் தெரிகிற விஷயங்களால் ஆனது. சூப்பர்மார்க்கெட்டின் இரண்டு வகைகளுக்கும் நடுவில் இருப்பதும் ஏறக்குறைய இதே தூரம்தான்.

"இரண்டும் ஒரே ஆலையில் செய்வதுதானே, லேபிள் மட்டும்தானே வேறு" என்று பலர் சொல்வார்கள். பாதி உண்மை. ஒரே ஆலை பல கடைகளுக்கும் பல பிராண்டுகளுக்கும் டின் அடைப்பது சாதாரணம். ஆனால் ஒவ்வொரு வாங்குபவரும் ஒரு விவரக்குறிப்புத் தாள் கொடுக்கிறார்: துண்டு எந்த அளவு, உடைந்த துண்டு எத்தனை சதவீதம் வரை போகலாம், தோல் ஒட்டியிருந்தால் எவ்வளவு பொறுக்கலாம், பாகின் இனிப்பு எவ்வளவு, பழத்தின் எடை எவ்வளவு. மலிவு வகையின் தாளில் இந்த வரம்புகள் தளர்வாக இருக்கும். ஒரே அடுப்பில் வெந்தாலும் உள்ளே போன பழம் வேறு. மூடியில் அச்சிட்டிருக்கும் ஆலைக் குறியீடு ஒன்றாக இருப்பதைப் பார்த்து "ஏமாற்றுகிறார்கள்" என்று முடிவு கட்டுவது சரியல்ல. மலிவு வகையில் இன்னொரு பழக்கமும் உண்டு. அந்தப் பருவத்தில் யார் குறைந்த விலைக்குத் தருகிறாரோ அவரிடம் வாங்குவார்கள். அதனால் போன முறை அருமையாக இருந்த அதே லேபிள் இந்த முறை வேறு நாட்டுப் பழமாக இருக்கலாம். வழக்கமான வகைக்கு நீங்கள் தரும் கூடுதல் விலையில் ஒரு பங்கு இந்த "எப்போதும் ஒரே மாதிரி" என்பதற்குப் போகிறது.

இந்த அடிமட்ட விலை வகை என்ற ஏற்பாடே மிகப் பழையது இல்லை. 1976-இல் பிரான்ஸில் கார்ஃபூர் என்ற சூப்பர்மார்க்கெட் நிறுவனம் பிராண்ட் பெயர் இல்லாமல், எளிமையான உறையில் 50 பொருட்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விளம்பரச் செலவும் உறைச் செலவும் இல்லாததால் விலை குறைவு என்பது அதன் பின்னே இருந்த நியாயம். இன்றும் விலை வித்தியாசத்தில் ஒரு பகுதி அப்படித்தான் வருகிறது: சாதாரண லேபிள், குறைந்த லாபம், ஒரே ஒரு அளவு டின். அந்தப் பகுதியைப் பொறுத்தவரை வாங்குபவருக்கு இழப்பே இல்லை.

இனி திரவத்துக்கு வருகிறேன். லேபிளில் பலரும் கவனிக்காத இடம் இதுதான்.

டின்னுக்குள் பழத்தோடு போவது தண்ணீராக, பழச்சாறாக, அல்லது சர்க்கரைப் பாகாக இருக்கலாம். பாகின் அடர்த்தியை பிரிக்ஸ் என்ற அளவில் சொல்வார்கள். 100 கிராம் திரவத்தில் எத்தனை கிராம் கரைந்த சர்க்கரை என்று சுமாராக எடுத்துக்கொள்ளலாம். உலக அளவில் உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பின் வழிகாட்டுதலில் 10 முதல் 14 பிரிக்ஸ் வரை மிக இலேசான பாகு, 14-க்கு மேல் இலேசான பாகு, 18-க்கு மேல் அடர்த்தியான பாகு, 22-க்கு மேல் மிக அடர்த்தியான பாகு. மலிவு வகையில் இலேசான பாகு அதிகம், காரணம் சர்க்கரைக்கும் காசு வேண்டும். தித்திப்பு குறைவாக விரும்புகிறவர்களுக்கு இது தற்செயலாகக் கிடைக்கிற நன்மை. இரண்டு டின்களின் சத்து அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், மலிவு டின்னில் சர்க்கரை குறைவாக இருக்கும் இடங்கள் உண்டு.

டின்னை மூடிய பிறகும் உள்ளே ஒரு வேலை நடந்துகொண்டே இருக்கிறது. பாகிலுள்ள சர்க்கரை பழத்துக்குள் போகும், பழத்திலுள்ள நீர் வெளியே வரும். இரண்டும் சமமாகும் வரை இது ஓயாது. அதனால்தான் அமெரிக்க விதிகளில் பாகின் அடர்த்தியை அடைத்து 15 நாட்களாவது கழித்து அளக்கச் சொல்கிறார்கள். இதிலிருந்து சமையலறைக்கு ஒரு பாடம் கிடைக்கிறது. பாகை வடித்துவிட்டால் சர்க்கரை முழுக்கப் போய்விட்டது என்று பலர் நம்புகிறார்கள். வடித்தால் போவது வெளியே நிற்கும் பங்கு மட்டும். துண்டுக்குள் ஏறிய சர்க்கரை துண்டிலேயே இருக்கிறது. குழாயடியில் அலசினாலும் மேற்பரப்பில் ஒட்டியதுதான் போகும். சர்க்கரையைக் குறைக்க வேண்டியவர் வாங்கும்போதே தண்ணீரில் அல்லது சாற்றில் அடைத்ததைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

"பழச்சாற்றில்" என்று போட்டிருந்தாலும் இரண்டு விஷயம் பார்க்கவேண்டும். முதலாவது, எந்தப் பழத்தின் சாறு? அன்னாசி பெரும்பாலும் தன் சொந்தச் சாற்றிலேயே வரும், ஏனென்றால் வெட்டும்போதே ஏராளமாகச் சாறு கிடைக்கிறது. பீச்சும் பேரியும் அப்படி இல்லை. செறிவூட்டிய வெள்ளைத் திராட்சைச் சாற்றையோ ஆப்பிள் சாற்றையோ தண்ணீர் கலந்து ஊற்றுவார்கள். நிறமும் மணமும் பெரிதாக இல்லாத இந்தச் சாறு நடைமுறையில் ஒரு இலேசான இனிப்புத் திரவம், அவ்வளவே. இரண்டாவது, சாற்றிலும் சர்க்கரை உண்டு. அன்னாசிச் சாறே 12 பிரிக்ஸ் அளவில் இருக்கும், அதாவது மிக இலேசான பாகுக்குச் சமம். அடர்த்தியான பாகோடு ஒப்பிட்டால் குறைவு, ஆனால் சர்க்கரையே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. "சர்க்கரை சேர்க்கவில்லை" என்ற சொற்களோடு செயற்கை இனிப்பு சேர்த்தவையும் இருக்கின்றன. பொருட்பட்டியலைப் படித்தால் தெரிந்துவிடும்.

திரவத்தை இத்தனை நேரம் பேசியதற்கு முக்கியமான காரணம் எடை. டின்னில் இரண்டு எடை எழுதியிருக்கும். நிகர எடை என்பது பழமும் திரவமும் சேர்ந்தது. வடித்த எடை என்பது திரவத்தை நீக்கியபின் மிஞ்சும் பழம். திரவத்தில் அடைத்த பழங்களுக்கு வடித்த எடையைப் போடவேண்டும் என்று கோடெக்ஸ் லேபிள் விதி சொல்கிறது, பல நாடுகள் அதைப் பின்பற்றுகின்றன. அமெரிக்காவில் நிகர எடை போதும். சுமார் 410 கிராம் டின்னில் 240, 250 கிராம் பழம் இருப்பது வழக்கம். மிச்சம் எல்லாம் திரவம். அலமாரியில் ஒட்டியிருக்கும் விலைச் சீட்டில் "100 கிராமுக்கு இவ்வளவு" என்று போடுகிறார்களே, அது சில இடங்களில் நிகர எடையை வைத்துக் கணக்கிட்டதாக இருக்கும். அதை நம்பி ஒப்பிட்டால் சில நேரம் பாகுக்கும் பழத்தின் விலையைக் கொடுத்துவிடுவீர்கள்.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். வழக்கமான டின்னின் விலை 100 என்று வைப்போம், வடித்த எடை 250 கிராம். மலிவு டின் 60, வடித்த எடை 220 கிராம். 100 கிராம் பழத்துக்கு வழக்கமானதில் 40, மலிவானதில் 27 சொச்சம். டின்னுக்கு டின் 40 சதவீதம் மிச்சம் என்று தோன்றியது உண்மையில் 32 சதவீதம். அப்போதும் மலிவானதே லாபம். இப்போது மலிவு டின்னின் விலை 85, வடித்த எடை 210 கிராம் என்று மாற்றிப் பாருங்கள். 100 கிராம் பழம் 40.5 ஆகிறது. விலை குறைந்த டின்னில் பழத்தின் விலை கூடிவிட்டது. இடைவெளி பெரிதாக இருக்கும்போது மலிவு வகை பெரும்பாலும் ஜெயிக்கும், இடைவெளி சிறிதாக இருக்கும்போதுதான் வடித்த எடையைப் பார்த்தே தீரவேண்டும். கைபேசியில் அரை நிமிட வேலை.

இனி பழம் பழமாக.

அன்னாசியில் தயங்காமல் மலிவானதை எடுங்கள். வளையமாக வெட்ட முழுதான, இறுகிய, நடுத்தண்டு நேராக இருக்கும் பழம் வேண்டும். உடைந்த வளையம் துண்டுகளாகிறது, அதிலும் சிதறியது நொறுக்கிய அன்னாசியாகிறது. 1911-இல் ஹவாயில் அன்னாசி டின் தொழில் நடத்திய ஜேம்ஸ் டோலின் நிறுவனத்துக்காக ஹென்றி ஜினாக்கா என்பவர் உருவாக்கிய இயந்திரம் இந்தத் தொழிலையே மாற்றியது. பழத்தை உருளையாகக் குடைந்து, நடுத்தண்டை எடுத்து, தோலில் ஒட்டியிருக்கும் சதையையும் சுரண்டித் தரும். அந்தச் சுரண்டல் சதை நொறுக்கிய வகைக்கும் சாற்றுக்கும் போனது. அன்னாசியில் இன்னொரு இயல்பு: பழம் அடிப்பகுதியிலிருந்து கனியத் தொடங்குகிறது, அதனால் அடியில் இனிப்பு அதிகம், தலைப்பக்கம் குறைவு. ஒரே டின்னில் ஒரு துண்டு தித்தித்து அடுத்தது புளிப்பது அதனால்தான். இது மலிவு வகையில் கொஞ்சம் கூடுதல். ஆனால் அன்னாசியின் மணமும் புளிப்பும் மிக வலுவானவை. துண்டு சீரில்லாமல் இருப்பதையும் நிறம் வெளுத்திருப்பதையும் அவை எளிதில் மூடிவிடும். கேக்கின் மேல் வளையங்களை அழகாக அடுக்கவேண்டும் என்றால் மட்டும் வழக்கமான வகை. ஜெல்லி செய்பவர்களுக்கு ஒரு துணைச் செய்தி: வேகாத அன்னாசியிலுள்ள புரோமெலின் என்ற நொதி ஜெலட்டினை உறைய விடாது. டின் அன்னாசியில் வெப்பம் அதை அழித்துவிடுவதால் ஜெல்லி நன்றாக உறையும். மலிவு, வழக்கம் இரண்டுக்கும் இது பொருந்தும்.

பீச்சில் பதில் பயன்பாட்டைப் பொறுத்தது. டின்னுக்குப் பயன்படுத்துவது பெரும்பாலும் கொட்டையோடு சதை ஒட்டிக்கொள்ளும் இனம், ஏனென்றால் அதன் சதை வெந்தாலும் கரையாது. நல்ல டின் பீச்சைக் கரண்டியால் வெட்டினால் சுத்தமாக வெட்டுப்படும், ஓரம் நார்நாராகப் பிரியாது. மலிவு வகையில் ஓரம் கிழிந்த துண்டுகள், அதிகம் கனிந்ததால் குழைந்த துண்டுகள், அங்கங்கே தோல் சில்லு, கொட்டைக்குழியைச் சுற்றி இருந்த சிவப்பு நிறம் பழுப்பேறிய துண்டுகள் வரும். சுவை மோசமில்லை. அரைத்துக் குடிக்க, மாவோடு சேர்த்து வேகவைக்க, கஸ்டர்டில் கலக்க மலிவே போதும். கிண்ணத்தில் அப்படியே வைத்துப் பரிமாறினால் வித்தியாசம் தெரியும்.

பேரிக்காயில் நான் கூடுதல் விலை கொடுத்து வாங்குவேன், மற்றவர்களுக்கும் அதையே சொல்வேன். பேரியை மரத்தில் கனிய விட்டால் உள்ளே மாவாகிவிடும். அதனால் காயாகப் பறித்து, கிடங்கில் பழுக்கவைத்து, சரியான நாளில் அடைக்கவேண்டும். அந்தச் சரியான நாள் குறுகியது. முன்னால் அடைத்தால் கடுக்கென்று இருக்கும், சுவையே இருக்காது. பின்னால் அடைத்தால் குழம்பிவிடும். பேரிக்கு அன்னாசி மாதிரி ஓங்கிய மணமும் இல்லை, அதன் அழகெல்லாம் மென்மையான சதையிலும் மெல்லிய வாசனையிலும் இருக்கிறது. தரம் பிரிப்பதில் தளர்வு காட்டினால் மறைத்துக்கொள்ள அதனிடம் ஒன்றுமில்லை. மலிவு பேரியில் நறநறவென்ற மணல்போன்ற பகுதிகளும் கூடுதலாக வரும். அது பேரியின் இயல்பான கல் உயிரணுக்கள், மையப்பகுதியைச் சரியாக வெட்டாவிட்டால் அதிகம் தட்டுப்படும். சில நேரம் துண்டுகள் இளஞ்சிவப்பாக இருக்கும். வெந்தபின் மெதுவாக ஆறினால் பேரியின் நிறமற்ற சேர்மங்கள் சிவப்பாக மாறும். உண்பதில் கெடுதல் இல்லை, ஆனால் ஆலை அவசரப்பட்டிருக்கிறது அல்லது குளிர்விப்பதில் கவனம் குறைந்திருக்கிறது என்று எனக்குச் சொல்லும் அடையாளம் அது.

மாண்டரின் ஆரஞ்சுச் சுளைகளில் வேறுபாடு முழுச்சுளையா உடைந்த சுளையா என்பதோடு முடிந்துவிடும். சுளைமேல் உள்ள மெல்லிய தோலை நீர்த்த அமிலத்திலும் பிறகு நீர்த்த காரத்திலும் கரைத்து, நன்றாகக் கழுவி எடுக்கிறார்கள். இதைக் கேட்டுப் பலர் திடுக்கிடுவார்கள், ஆனால் விலை உயர்ந்த டின்னிலும் இதே முறைதான். திரவம் வெண்மையாகக் கலங்கியிருந்தால் பயப்படவேண்டாம். நாரத்தை, ஆரஞ்சு இனப் பழங்களில் இயல்பாக உள்ள ஹெஸ்பெரிடின் என்ற சேர்மம் பிரிந்து படிவது அது.

ஃப்ரூட் காக்டெயில்தான் மலிவு வகையில் நான் அதிகம் எச்சரிக்கும் டின். கோடெக்ஸின் 1981 தரத்தில் இந்தப் பெயருக்கு ஒரு விகிதம் இருந்தது: பீச் 30 முதல் 50 சதவீதம், பேரி 25 முதல் 45, அன்னாசி 6 முதல் 16, திராட்சை 6 முதல் 20, செர்ரி 2 முதல் 6. அமெரிக்க விதியும் இதே எண்கள்தான். விகிதத்துக்குள் நின்றுகொண்டே விலை குறைக்க வழி உண்டு. செர்ரியையும் அன்னாசியையும் கீழ் எல்லைக்குத் தள்ளி, பேரியை மேல் எல்லைக்கு ஏற்றினால் போதும். "கலவைப் பழம்" என்று வேறு பெயர் வைத்துவிட்டால் இந்த விகிதமே கட்டுப்படுத்தாது. எல்லாமே சிறு சதுரம் என்பதால் தரம் குறைந்த பழம் வந்து சேர இதைவிட வசதியான டின் கிடையாது. ஒரு மலிவு அன்னாசி டின், ஒரு வழக்கமான பேரி டின், ஒரு மலிவு பீச் டின் வாங்கி நீங்களே கலந்தால் அதைவிட நல்ல கலவை கிடைக்கும். மூன்று டின்னும் தீரும் அளவுக்கு ஆட்கள் இருக்கவேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. காக்டெயிலில் வரும் கண்ணைப் பறிக்கும் சிவப்புச் செர்ரி பல நேரம் எரித்ரோசின் என்ற சாயத்தால் வந்தது. சாயம் வேண்டாதவர்கள் பொருட்பட்டியலில் ஈ127 என்ற எண்ணைத் தேடலாம்.

பாதுகாப்பைப் பற்றி உறுதியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. நிக்கோலா அப்பேர் என்ற பிரெஞ்சு மிட்டாய்க்காரர் கண்ணாடிக் குடுவைகளில் அடைத்து வேகவைக்கும் முறையைக் கண்டு, அரசின் 12,000 ஃபிராங்க் பரிசைப் பெற்று 1810-இல் முறையை நூலாக வெளியிட்டார். அதே ஆண்டு இங்கிலாந்தில் பீட்டர் டுராண்ட் தகர டின்னுக்குக் காப்புரிமை எடுத்தார். அடிப்படை இன்றுவரை அதேதான்: காற்றுப் புகாமல் மூடு, சூடாக்கிக் கிருமியைக் கொல். பழங்களுக்குக் கூடுதலாக ஒரு காவல் உண்டு. பெரும்பாலான பழங்களின் பி.எச். அளவு (புளிப்பைக் காட்டும் எண், குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4.6-க்குக் கீழே இருக்கிறது. இந்தப் புளிப்பில் உயிருக்கே ஆபத்தான பொட்டுலிசம் கிருமி வளராது. அதனால் இறைச்சிக்கும் காய்கறிக்கும் வேண்டிய 121 டிகிரி செல்சியஸ் அழுத்த வெப்பம் பழத்துக்குத் தேவையில்லை, கொதிநீர் அளவு வெப்பமே போதும். புளிப்பு போதாத பழங்களில் சிட்ரிக் அமிலம் சேர்த்துச் சரிசெய்வார்கள். வேகவைக்கும் நேரத்தில் "மலிவு வகைக்குக் கொஞ்சம் குறைவு" என்ற சலுகை எந்த ஆலையிலும் கிடையாது.

சத்தும் அப்படியே. வெப்பத்தில் வைட்டமின் சி-யின் ஒரு பகுதி போகிறது, இன்னொரு பகுதி திரவத்தில் இறங்குகிறது. நார்ச்சத்து பெரும்பாலும் நிற்கிறது, பீச்சின் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான கரோட்டினாய்டுகள் வெப்பத்தை ஓரளவு தாங்கும். இந்தக் கணக்கு இரண்டு டின்னுக்கும் பொது. சாற்றில் அடைத்ததாக இருந்தால் அந்தச் சாற்றைக் கொட்டாமல் பயன்படுத்துங்கள், கரைந்த சத்து அதில்தான் இருக்கிறது.

டின்னைப் பற்றி அடிக்கடி வரும் ஒரு சந்தேகம்: சில டின்களின் உட்புறம் வெள்ளியாகப் பளபளக்கிறது, சிலவற்றில் பொன்னிறப் பூச்சு, எது மலிவு? இதற்கும் விலைக்கும் சம்பந்தமில்லை. அன்னாசி, பீச், பேரி போன்ற வெளிர் பழங்களுக்கு வெள்ளீயம் வெளியே தெரியும் டின்னை வேண்டுமென்றே பயன்படுத்துவது உண்டு. உள்ளே மிஞ்சிய ஆக்சிஜனோடு வெள்ளீயம் வினைபுரிவதால் பழம் கருக்காமல் நிறமும் சுவையும் நிற்கும். செர்ரி, பிளம் போன்ற சிவப்புப் பழங்களின் நிறம் வெள்ளீயத்தால் வெளுத்துவிடும், அதனால் அவற்றுக்கு உட்பூச்சு வேண்டும். கரையும் வெள்ளீயத்துக்கு வரம்பு உண்டு, கோடெக்ஸ் கணக்கில் கிலோவுக்கு 250 மில்லிகிராம். டின்னைத் திறந்ததும் காற்றுப்பட்டு இந்தக் கரைதல் வேகமெடுக்கும். மீதியைத் திறந்த டின்னோடு குளிர்பெட்டியில் வைக்காமல் கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் பாத்திரத்துக்கு மாற்றி, மூன்று நான்கு நாளில் முடித்துவிடுங்கள். மலிவு அலமாரியில் சொட்டை விழுந்த டின் கூடுதல் தள்ளுபடியில் கிடைக்கும். உடம்பில் சிறு சொட்டை என்றால் பரவாயில்லை. மூடியின் விளிம்பு மடிப்பில் சொட்டை, ஊதிய மூடி, கசிவு இவற்றில் ஏதாவது இருந்தால் எந்த விலைக்கும் வேண்டாம்.

உங்கள் கடையின் இரண்டு வகைகளையும் நேரடியாக ஒப்பிட விரும்பினால் ஒரு முறை சொல்கிறேன். ஒரே பழம், ஒரே வெட்டு, ஒரே வகைத் திரவம் உள்ள இரண்டு டின்னை எடுங்கள். பாகில் ஒன்றையும் சாற்றில் ஒன்றையும் வைத்து ஒப்பிட்டால் நீங்கள் ருசிப்பது சர்க்கரையைத்தான், பழத்தை அல்ல. இரண்டையும் ஒரே இரவு குளிரவையுங்கள், குளிர்ச்சி மாறினால் இனிப்பும் மாறித் தெரியும். சல்லடையில் கொட்டி, கொஞ்சம் சாய்த்துப் பிடித்து, ஆய்வகத்தில் செய்வதுபோல் இரண்டு நிமிடம் வடியவிட்டு எடை போடுங்கள். லேபிளில் சொன்ன எடையோடு அது ஒத்துப்போகிறதா, முழுத்துண்டு எத்தனை, உடைந்தது எத்தனை என்று பாருங்கள். பிறகு வீட்டில் வேறொருவரை இரண்டு கிண்ணத்தில் போட்டுத் தரச்சொல்லி, எது எது என்று தெரியாமல் கண்ணை மூடிச் சாப்பிடுங்கள். உடைந்த துண்டைப் பார்த்தவுடனே மனம் "இது மலிவு" என்று தீர்ப்பு எழுதிவிடும், அதைத் தவிர்க்கத்தான் இந்த ஏற்பாடு. கடைசியாக, இரண்டு வகையிலும் மூடியில் வேறு தொகுதி எண் உள்ள இன்னொரு டின்னைச் சில வாரம் கழித்து வாங்கி அதே சோதனையை மறுபடி செய்யுங்கள். மலிவு வகையின் முதல் டின்னும் இரண்டாம் டின்னும் எவ்வளவு வேறுபடுகின்றன என்பது, மலிவுக்கும் வழக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டைவிடச் சில நேரம் பெரிதாக இருக்கும்.